மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் பயிற்சி: மருத்துவர் ஒப்புதல் முதல் தனிச்சவாரி வரை

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல், குதிரையைச் சீரான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றபோது, முழங்காலுக்குக் கீழே அவருடைய கால்கள் செயலற்றிருந்தன. 1944இல், கருவுற்றிருந்த நேரத்தில், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியிருந்தது. ஜூபிலி என்ற தம் குதிரையின் மீது ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் உதவி தேவைப்பட்டது. ஏறி அமர்ந்த பிறகு தேவைப்படவில்லை. 1956இலும் அவர் அதே பதக்கத்தை வென்றார். அவருடைய வெற்றி ஐரோப்பாவின் பிசியோதெரபிஸ்ட்டுகளையும் குதிரையேற்றப் பயிற்றுநர்களையும் ஒரே கேள்வியை நோக்கித் திருப்பியது: நடக்க இயலாத ஓர் உடலுக்குக் குதிரை எதைத் தருகிறது? 1960களில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் ஹிப்போதெரபி என்ற சிகிச்சை முறை உருப்பெற்றது. 1969இல் பிரிட்டனில், மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் ஆர்.டி.ஏ. (ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட் அசோசியேஷன்) என்ற அமைப்பும், வட அமெரிக்காவில் இன்று பாத் இன்டர்நேஷனல் என்று அழைக்கப்படும் அமைப்பும் தொடங்கப்பட்டன. இவ்வழிகாட்டியில் வரும் நடைமுறைகள் பெரும்பாலும் இவ்விரு அமைப்புகளின் வழியில் வளர்ந்தவை. பிள்ளைக்காகவோ தமக்காகவோ இப்பயிற்சியை எண்ணிப் பார்க்கும் குடும்பத்தினரையும், இதில் தன்னார்வலராகச் சேர விரும்புவோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

குதிரையின் நடை உடலில் என்ன செய்கிறது

படிகளுக்குள் நுழைவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் ஒவ்வொரு விதியும் இதிலிருந்தே பிறக்கிறது. குதிரை நடக்கும்போது அதன் ஒவ்வொரு பின்னங்காலும் தரையை உந்துகிறது. அந்த உந்துதல் முதுகு வழியாக ஏறி, மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பெலும்பை முன்னும் பின்னும் சாய்க்கிறது, இடமும் வலமும் ஏற்றி இறக்குகிறது, சிறிதளவு திருப்பவும் செய்கிறது. நாம் நம் கால்களால் நடக்கும்போது நம் இடுப்பெலும்பு அசையும் விதமும் ஏறத்தாழ இதுவேயாகும். ஆகவே, வாழ்நாளில் ஓர் அடிகூட நடந்திராத ஒரு குழந்தையின் இடுப்பும் முதுகும் கழுத்தும், குதிரையின் மீது அமர்ந்த அந்த நேரத்தில், நடத்தல் என்பதன் தாளத்தை முதன்முறையாக உணர்கின்றன. நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அசைவுகள் என்று கொண்டால், 20 நிமிடங்களில் அவ்வுடல் சுமார் 2000 முறை சாய்ந்து சமநிலைக்கு மீள்கிறது. எந்தச் சிகிச்சை அறையிலும், எந்தக் குழந்தையையும், இத்தனை முறை சலிப்பின்றி ஒன்றைச் செய்ய வைக்க முடியாது.

இதனுடன் வேறு இரண்டு காரணங்களும் சேர்கின்றன. கால்களை அகற்றி அமரும் நிலை, பெருமூளை வாதம் உள்ளவர்களிடம் கத்திரிக்கோல் போல ஒன்றையொன்று நெருக்கும் தொடைகளின் உட்புறத் தசைகளை மெல்ல நீட்டுகிறது. குதிரையின் உடல் வெப்பம் சுமார் 38 பாகை செல்சியஸ், அதாவது நம்முடையதைவிடச் சற்றே அதிகம் என்பதால், மெல்லிய விரிப்பின் மீது அமரும்போது அந்த வெப்பமும் இறுகிய தசைகள் இளக உதவுகிறது.

இது எந்தக் குறைபாட்டையும் குணப்படுத்தாது. உடலின் சமநிலை, உட்காரும் திறன், நடையின் சீர்மை ஆகியவற்றில் முன்னேற்றம் காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றுள் பல, சிலரை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை. ஆட்டிசம் உள்ள 6 முதல் 16 வயது வரையிலான 127 பேரைக் கொண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு இவற்றுள் பெரியது. ஒரு பிரிவினர் 10 வாரங்கள் குதிரையேறினர்; மற்றப் பிரிவினர் குதிரைகளோடு பழகாமல் அவற்றைப் பற்றிய பாடங்களை மட்டும் கற்றனர். குதிரையேறியவர்களிடம் எரிச்சலும் மிகைத்துடிப்பும் குறைந்தன. அவர்கள் பேசிய சொற்களும் கூடின. அளவோடு எதிர்பார்ப்பவர்களுக்கு இப்பயிற்சி நிறையத் தருகிறது என்பது என் உறுதியான நம்பிக்கை.

முதல் படி: எந்த வகைப் பயிற்சி என்று தீர்மானித்தல்

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் குதிரை தெரபி என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை இரண்டு. ஹிப்போதெரபி என்பது பிசியோதெரபிஸ்ட், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோருள் ஒருவர் தம் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் குதிரையின் நடையைப் பயன்படுத்துவது. இதில் அமர்ந்திருப்பவர் குதிரையைச் செலுத்துவதில்லை. குதிரையைத் தேர்ந்த ஒருவர் நடத்த, சிகிச்சையாளர் அமர்ந்திருப்பவரின் உடலைக் கவனித்து வேகத்தையும் திசையையும் மாற்றச் சொல்கிறார். மற்றொன்று தகவமைப்புக் குதிரையேற்றம். இதைச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் நடத்துகிறார். குதிரையை நிறுத்தவும் திருப்பவும் செலுத்தவும் கற்பதே இதன் நோக்கம். உடலுக்குக் கிடைக்கும் நன்மை அக்கல்வியோடு சேர்ந்து வருகிறது.

உட்காரவே தடுமாறும் சிறு குழந்தைக்கும், பக்கவாதத்திற்குப் பின் நடைப் பயிற்சி பெறுபவருக்கும் முதலாவது பொருந்தும். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதே போதுமானது. பலருக்கு அதுவே மேலானதும்கூட. பொதுவாக ஹிப்போதெரபியை 2 வயதுக்கு முன்பும், தகவமைப்புக் குதிரையேற்றத்தை 4 வயதுக்கு முன்பும் தொடங்குவதில்லை. கைக்குழந்தையையும் ஏற்றிக்கொள்கிறோம் என்று சொல்லும் இடத்தை விட்டு விலகுங்கள்.

இரண்டாம் படி: மருத்துவர் ஒப்புதல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல எவருக்கும் உரிமை இல்லை. மருத்துவச் சான்று கேட்காமலேயே குதிரையில் ஏற்றும் மையம், தான் செய்வது இன்னதென்று அறியாத மையமாகும். பொதுவான உடல்தகுதிச் சான்று ஒன்றை வாங்கிக் கொடுப்பதும் போதாது; கீழ்க்காணும் கேள்விகளை மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்ந்திருக்கலாம். அத்தளர்ச்சி மிகுந்தால், சிறிய குலுக்கல்கூடத் தண்டுவடத்தை அழுத்தக்கூடும். ஒருமுறை எடுத்த எக்ஸ்ரே நிரந்தர உத்தரவாதம் ஆகாது. ஆண்டுதோறும் நரம்பியல் பரிசோதனை செய்து, அறிகுறி இல்லை என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். இடைப்பட்ட காலத்தில் கழுத்து வலி, தலையை ஒருபுறம் சாய்த்து வைத்தல், நடையில் புதிதாகத் தடுமாற்றம், கைகளில் வலுக்குறைவு, கட்டுப்பாட்டில் இருந்த சிறுநீர் மீண்டும் கட்டுப்படாமல் போதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெருமூளை வாதம் உள்ளவர்களின் இடுப்பு மூட்டு கிண்ணத்திலிருந்து பகுதியளவு விலகியிருப்பது அடிக்கடி காணப்படுவது; வலி இல்லாததாலேயே வீட்டாருக்குத் தெரியாமலும் இருக்கலாம். அந்நிலையில் கால்களை அகற்றி அமர்த்துவது கேடு விளைவிக்கும் என்பதால், அண்மையில் எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயை எலும்பு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். முதுகெலும்பு வளைவு மிகுந்தவர்கள், முதுகில் உலோகத் தண்டு பொருத்தப்பட்டவர்கள், எலும்பு மெலிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு, அறுவை செய்த மருத்துவரின் அல்லது எலும்பு மருத்துவரின் தனி ஒப்புதல் தேவை. ஸ்பைனா பைஃபிடா என்ற பிறவி முதுகெலும்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு, மூளைநீர் வடியப் பொருத்திய ஷன்ட் என்ற குழாய் சரியாக இயங்குகிறதா, தண்டுவடம் இழுபட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு, ரப்பர் ஒவ்வாமை உண்டா என்றும் கேட்க வேண்டும். பாதுகாப்பு அங்கவடியில் (பாதம் வைக்கும் வளையம்) உள்ள ரப்பர் வளையத்தையும் ரப்பர் பூசிய கடிவாள வாரையும் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

கட்டுப்படாத வலிப்பு, ஆறாத படுக்கைப்புண், இரத்தம் உறையாமை, குதிரை மயிருக்கோ வைக்கோல் தூசுக்கோ கடுமையான ஒவ்வாமை ஆகியவை இருந்தால் ஏறக்கூடாது. விலங்குகளைத் துன்புறுத்தும் பழக்கம் உள்ளவரையும் குதிரையின் அருகில் கொண்டுசெல்வதற்கு முன் வேறு உதவி தேவை. குதிரை லாயத்து மண்ணில் டெட்டனஸ் கிருமிகள் இருப்பது வழக்கம் என்பதால், ஏறுபவரும் உடன் வருபவர்களும் தன்னார்வலர்களும் தடுப்பூசியைக் காலந்தவறாமல் போட்டிருக்க வேண்டும்.

எடையைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலான வரம்பு. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 80 கிலோ. சமநிலை இல்லாமல் ஒருபக்கம் சாயும் உடல், அதே எடையுள்ள நிமிர்ந்த உடலைவிடக் குதிரைக்குப் பெருஞ்சுமை என்பதால், நல்ல மையங்கள் இதைவிடக் குறைந்த வரம்பையே வைக்கின்றன.

மூன்றாம் படி: மையத்தைப் பார்த்தல்

பிள்ளையை அழைத்துச் செல்வதற்கு முன் நீங்கள் மட்டும் ஒருமுறை சென்று, ஒரு முழு அமர்வை வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். பயிற்றுநரின் சான்றிதழ் எந்த அமைப்புடையது, எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேளுங்கள். பயிற்சிக்களம் வேலியிட்டு, மணலிட்டு, வாயில் மூடப்பட்டிருக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போது வாயில் திறந்தே கிடந்தால், மிரண்ட குதிரை சாலைக்கு ஓடும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் இருக்க வேண்டும். தரையிலிருந்து தூக்கிப் போட்டு ஏற்றுவது ஏறுபவருக்கும் தூக்குபவரின் முதுகுக்கும் குதிரையின் முதுகுக்கும் ஒருசேரத் தீங்கு.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரையைப் பாருங்கள். இவ்வேலைக்கு ஏற்ற குதிரை பெரும்பாலும் இளமை கடந்தது, பலவித ஓசைகளுக்குப் பழகியது, நொண்டாதது. நொண்டும் குதிரையின் நடை சீரற்றது. அந்தச் சீரற்ற நடையே குழந்தையின் இடுப்புக்கும் போய்ச் சேரும். சேணத்தை வயிற்றோடு பிணைக்கும் சேணவாரை இறுக்கும்போது காதுகளைப் பின்னால் மடித்துக் கடிக்க முயலும் குதிரையும், வாலை இடைவிடாது சுழற்றும் குதிரையும் வலியில் அல்லது சலிப்பில் இருக்கின்றன. ஒரு குதிரையிடம் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும், நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்பது பாத் இன்டர்நேஷனல் வைத்துள்ள வரம்பு. வெயில் கடுமையான நம் பகுதிகளில் அதில் பாதியே அதிகம் என்று நான் கருதுகிறேன். இங்கே பயிற்சி விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு வெப்பமே தளர்ச்சியைக் கூட்டும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

நான்காம் படி: வீட்டில் ஆயத்தம்

முதல் நாள் அழுகைக்குப் பெரும்பாலும் குதிரை காரணமாக இருப்பதில்லை. தலைக்கவசமே காரணமாக இருக்கும். ஆகவே குதிரையேற்றத்துக்கென்றே செய்யப்பட்ட தலைக்கவசத்தை முன்கூட்டியே வாங்கியோ இரவல் பெற்றோ, வீட்டில் நாளுக்கு இரண்டு நிமிடம் என்று தொடங்கி, அரைமணி நேரம் அணிந்திருக்கும் வரை பழக்குங்கள். மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உரிய கவசங்கள் இதற்குப் பொருந்தா. கழுத்து வலுவற்ற குழந்தைக்கு மிக இலேசான கவசமே தேவை. கவசத்தின் எடையைத் தாங்கித் தலையை நிமிர்த்த முடியாத குழந்தை இன்னும் ஏறும் நிலையை அடையவில்லை என்று கொள்ளலாம்.

கால்களை அகற்றி அமர்வதற்கு, உருண்டையான நீள்தலையணையின் இருபுறமும் கால்கள் வருமாறு சில நிமிடங்கள் உட்கார வைக்கலாம். உடையைப் பொறுத்தவரை, தடித்த தையல் இல்லாத நீளமான கால்சட்டையும், சிறிய குதிகால் உள்ள மூடிய காலணியும் போதும். தொடையில் உணர்ச்சியற்றவர்களுக்கு ஜீன்ஸின் தையல்கூடப் புண்ணை உண்டாக்கும்.

நிறுத்தவும் நடத்தவும் பயன்படும் சொற்களையும் வீட்டிலேயே தீர்மானியுங்கள். லண்டனிலோ டொராண்டோவிலோ வாழும் தமிழ்க் குழந்தை களத்தில் ஆங்கிலக் கட்டளையைக் கேட்கும். வீட்டிலோ "போ", "நில்" என்றே பேசும். இரண்டு சொற்களைக்கொண்ட மொழியே சுமையாக இருக்கும் குழந்தைக்கு நான்கு சொற்களைத் தரக் கூடாது. குழந்தையின் சொல் எது என்று பயிற்றுநரிடம் சொல்லுங்கள். குதிரையை நடத்துபவருக்கு அந்தத் தமிழ்ச் சொல் தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: குதிரையை அறிதல்

முதல் வருகையில் ஏறியே தீர வேண்டும் என்பதில்லை. ஏறாமல் திரும்புவது தோல்வியும் அல்ல. குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் கண் தெரியாது. எனவே தோள்பட்டையின் பக்கமாக, பேசிக்கொண்டே அணுக வேண்டும். விரல்களைக் குவிக்காமல் உள்ளங்கையை விரித்து, முதலில் கழுத்தைத் தொட வேண்டும். தீனி கொடுப்பதானால் கிண்ணத்தில் வைத்துக் கொடுப்பது நல்லது. கையால் ஊட்டிப் பழகிய குதிரை பிறகு விரல்களைத் தேடத் தொடங்கும். தூரிகையால் உடலைத் துலக்கும் வேலை, கையைத் தோளுக்கு மேல் உயர்த்தவும் உடலின் நடுக்கோட்டைக் கடந்து நீட்டவும் வைக்கிறது என்பதால், அதுவே ஒரு பயிற்சி.

ஆறாம் படி: குழு நிற்கும் முறை

ஒருவரைக் குதிரையில் அமர்த்தி நடத்த, தரையில் பொதுவாக நால்வர் வேண்டும். பயிற்றுநர் அல்லது சிகிச்சையாளர் ஒருவர். குதிரையை நடத்துபவர் ஒருவர். இருபுறமும் பக்கத் துணையாளர் இருவர். நடத்துபவர் குதிரைக்கு மட்டுமே பொறுப்பு. குழந்தை விழப்போவதாகத் தோன்றினாலும் அவர் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. துணையாளர்கள் குழந்தைக்கு மட்டுமே பொறுப்பு. குதிரை என்ன செய்தாலும் அவர்களின் கை விலகக் கூடாது. ஆபத்து வரும்போது இப்பிரிவினை குலையாமல் இருக்கும் குழுவே நல்ல குழு.

ஏற்றுவதற்கு முன் சேணவாரைச் சரிபார்க்கிறார்கள். ஏறிச் சில அடிகள் நடந்த பிறகு மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், ஏனெனில் குதிரை வயிற்றை உப்பிக்கொண்டு நின்று, நடந்ததும் தளர்த்திவிடும். நான் பக்கத் துணையாளராகத் தொடங்கிய நாள்களில் இந்த இரண்டாம் சரிபார்ப்பை அவசரத்தில் விட்டுவிட்டோம். வளைவில் சேணம் என் பக்கமாகச் சரிய, அதிலிருந்த சிறுவன் முழுவதுமாக என் தோள்மீது சாய்ந்தான். அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்று அவனுடைய தாயார் வேலியருகே கையை வாயில் பொத்தி நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு சேணவாரை இரண்டு முறை தொட்டுப் பார்க்காமல் ஒருபோதும் நான் நடந்ததில்லை.

ஏழாம் படி: ஏற்றுதல்

முழு அமர்விலும் ஆபத்து மிகுந்த நிமிடம் இதுவே, ஆகையால் இதை விரிவாகச் சொல்ல வேண்டும். குதிரை, சாய்தளத்தின் மேடைக்கும் அதன் எதிரே உள்ள சிறு மேடைக்கும் இடையில், பக்கவாட்டில் விலக இடமில்லாமல் நிறுத்தப்படுகிறது. நடத்துபவர் குதிரையின் முகத்தைப் பார்த்தவாறு முன்னால் நிற்கிறார். எதிர் மேடையில் ஒரு துணையாளர் ஆயத்தமாக இருக்கிறார். பயிற்றுநர் மட்டுமே பேசுகிறார். வீட்டார் அப்போது கூப்பிட்டுக் கையசைப்பதையும் படம் பிடிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

நிற்க இயலுபவர் மேடையில் நின்று, ஒரு காலைக் குதிரையின் பின்முதுகைத் தொடாமல் தூக்கிக் கடந்து, மெல்ல அமர்கிறார். நிற்க இயலாதவரைச் சக்கர நாற்காலியிலிருந்து குதிரையின் மீது முதலில் பக்கவாட்டில் அமர்த்தி, பிறகு ஒரு காலைக் கழுத்தின் மேலாகக் கடத்தி மறுபக்கம் விடுகிறார்கள். இங்கேதான் பொறுமை தேவை. தொடைத் தசைகள் இறுகிய குழந்தையின் காலைப் பிடித்து அகற்றினால், தசை இன்னும் இறுகும். பக்கவாட்டில் அமர்த்திய நிலையிலேயே சற்றுக் காத்திருந்து, உடல் இளகிய பிறகு, முழங்காலுக்கு மேலே பிடித்து, மெதுவாகக் கடத்த வேண்டும். கால் மறுபக்கம் இறங்கும்போது எதிர் மேடையில் உள்ள துணையாளர் அதை ஏந்திக்கொள்கிறார். உடல் சேணத்தின் மீது பொத்தென்று விழாமல், பஞ்சின் மீது வைப்பதுபோல் இறங்க வேண்டும். மீண்டும் மீண்டும் பொத்தென்று விழும் எடையால் முதுகு வலி கண்ட குதிரை, பிறகு சாய்தளத்தைக் கண்டாலே பின்வாங்கும்.

குதிரையில் வழக்கமாக இடப்பக்கமிருந்து ஏறுவார்கள். ஒருபக்க வாதம் உள்ளவருக்கு வலப்பக்கம் எளிது என்றால் அதற்கும் குதிரையைப் பழக்கியிருக்க வேண்டும். அமர்ந்ததும் பயிற்றுநரின் சொல்லுக்குப் பிறகே குதிரை நகர்கிறது; மேடைகளுக்கிடையிலிருந்து நேராக வெளியே வந்து, திறந்த இடத்தில் நின்று, அங்கவடிகளைச் சரிசெய்கிறார்கள். ஹிப்போதெரபியில் பெரும்பாலும் சேணமும் அங்கவடியும் இல்லாமல், தடித்த விரிப்பையும் கைப்பிடி உள்ள பட்டையையும் பயன்படுத்துவார்கள். அங்கவடி இருந்தால், பாதம் உள்ளே சிக்காதபடி முன்புறம் மூடியதாகவோ பக்கவாட்டில் ரப்பர் வளையம் கழலக்கூடியதாகவோ இருக்க வேண்டும்.

எந்தச் சூழலிலும் ஏறியவரைக் குதிரையோடும் சேணத்தோடும் கட்டக் கூடாது. பாதுகாப்புக்காகக் கட்டுகிறோம் என்று சொல்வார்கள். குதிரை விழுந்தால் கட்டப்பட்டவரும் அதன் அடியில் விழுவார்.

எட்டாம் படி: நடை

முதல் ஐந்து நிமிடங்கள் எதையும் செய்யாமல் நேராக நடக்க விடுங்கள். பேச்சு வேண்டாம், விளையாட்டு வேண்டாம். உடல் அந்தத் தாளத்தைக் கேட்டு, அதற்கு இசைய வேண்டிய நேரம் அது. துணையாளரின் கை தொடையின் மேல் குறுக்காக வைத்துச் சேணத்தைப் பிடித்திருக்கலாம். அல்லது கணுக்காலில் மெல்லப் படிந்திருக்கலாம். எவ்வளவு பிடி தேவையோ அவ்வளவே. துணையாளர் சோர்ந்து தம் கையின் எடையைக் குழந்தையின் தொடை மீது ஏற்றினால், உடல் அந்தப் பக்கம் இழுபடும். குழந்தை தானாகச் சமநிலை தேட வேண்டிய தேவையும் இல்லாமல் போகும். காலைத் தட்டிக் கொடுப்பதும், இருபுறமிருந்தும் இருவர் மாறிமாறிப் பேசுவதும் அன்பினால் செய்யப்படும் தவறுகள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அவை தாங்க முடியாத இரைச்சலாகவும் ஆகலாம்.

பிறகு நடையை மாற்றத் தொடங்குகிறார்கள். நடந்துகொண்டிருக்கும் குதிரை நிற்கும்போது உடல் முன்னால் சாய்கிறது. நின்ற குதிரை நடக்கும்போது பின்னால் சாய்கிறது. ஆகவே நிற்றலும் நடத்தலுமாக மாற்றிக்கொண்டே இருப்பது வயிற்று, முதுகுத் தசைகளுக்கு நேரடி வேலை. தசை தளர்ந்த குழந்தைக்கு இம்மாற்றங்களை அடிக்கடி, சற்று விரைவான நடையில் செய்கிறார்கள். தசை இறுகிய குழந்தைக்கு நீண்ட, மெதுவான, மாற்றமில்லாத நடை வேண்டும். அத்துடன் முதுகு அகலம் குறைந்த குதிரை வேண்டும். வளைவில் உடல் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுவதால், எந்தப் பக்கம் வலுவற்றதோ அதைக் கருதி வட்டத்தின் திசையைத் தேர்கிறார்கள். எட்டு என்ற எண்ணின் வடிவில் நடத்துவது இருபக்கங்களையும் மாறிமாறி வேலை வாங்கும். 20 மீட்டர் அகலக் களத்தின் முழு அகலத்தையும் கொள்ளும் வட்டம் தொடக்கக்காரருக்குப் போதும். சிறிய வட்டம் கடினமானது.

பேசத் தொடங்கும் நிலையில் உள்ள குழந்தைக்கு நிற்றல் ஒரு வாய்ப்பு. குதிரை நிற்கிறது, அனைவரும் அமைதியாகக் காத்திருக்கிறார்கள், குழந்தை "போ" என்று சொன்னாலோ, கையால் காட்டினாலோ, அட்டையைத் தொட்டாலோ அந்த நொடியே குதிரை நடக்கிறது. தன் சொல்லுக்கு இவ்வளவு பெரிய ஓர் உயிர் அசைகிறது என்ற அனுபவத்திற்கு ஈடான ஊக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடிவாள வாரைக் கையில் கொடுப்பது பின்னால் வருவது. குதிரையின் வாயில் உள்ள இரும்பைச் சமநிலைக்காகப் பிடித்து இழுக்க விடக் கூடாது. ஆதலால் தொடக்கத்தில் வார் தலைக்கயிற்றில் மட்டுமே இணைக்கப்படுகிறது. பிடிக்க வேண்டிய இடத்தை வண்ணங்களால் காட்டும் வார்களும், விரல் மடங்காதவர்களுக்கு வளையங்கள் தைத்த வார்களும் உண்டு.

மொத்தம் 20 முதல் 30 நிமிடங்கள் போதும். தலை தொங்குதல், உடல் ஒருபக்கம் சரிந்து மீளாமை, தளர்ந்திருந்த கால் மீண்டும் இறுகுதல், வழக்கமாகப் பேசுபவர் மௌனமாதல் ஆகியவை சோர்வின் அடையாளங்கள். கட்டணம் கட்டிய நேரம் மீதம் இருக்கிறதே என்று எண்ணாமல் அப்போதே இறக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: இடர்களுக்கான ஒத்திகை

குதிரை மிரண்டால் துணையாளர்கள் இருவரும் தொடையின் மேல் கையைக் குறுக்காக வைத்துச் சேணத்தை இறுகப் பிடித்து, ஏறியவரைச் சேணத்தோடு அணைத்தவாறு உடன் நகர்கிறார்கள். நடத்துபவர் குதிரையின் தலையைத் தம் பக்கம் திருப்புகிறார். பயிற்றுநர் சொல்லாமல் எவரும் ஏறியவரை இழுத்து இறக்கக் கூடாது. ஒருவர் இழுக்க மற்றவர் பிடித்திருந்தால் விளைவு மோசமாகும். இறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தால், முதலில் இரு பாதங்களும் அங்கவடியிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும்; பிறகு ஒரு துணையாளர் இடுப்பைச் சுற்றி அணைத்துத் தம் பக்கம் இறக்க, நடத்துபவர் குதிரையை விலக்கி முன்னால் கொண்டு செல்கிறார். இதைக் குறைபாடு இல்லாத ஒருவரை ஏற்றிவைத்து மாதந்தோறும் ஒத்திகை பார்க்க வேண்டும். விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தக் கூடாது. கழுத்தும் முதுகும் பரிசோதிக்கப்படும் வரை அசைக்காமல் வைத்து, களத்தில் உள்ள மற்றக் குதிரைகளையும் நிறுத்த வேண்டும். ஒருமுறை அடிபட்ட தலைக்கவசம், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றப்பட வேண்டும்.

பத்தாம் படி: இறங்கிய பின்

இறங்கியவரை உடனே நடக்கச் சொல்லாமல் குதிரையின் தோளருகே ஒரு நிமிடம் நிற்க விடுங்கள். நடக்க இயலுபவராயின், அடுத்த சில நிமிடங்களில் அவர் எடுத்து வைக்கும் அடிகளைக் கவனியுங்கள். பலருக்கு அப்போது கால்கள் அகன்று, குதிகால் தரையில் படியும். சிகிச்சையாளர்கள் இந்நேரத்தை நடைப் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். காரில் ஏற்றி அழைத்துச் சென்றுவிட்டால் அது வீணாகும். உணர்ச்சியற்ற தோல் உள்ளவர்களுக்கு வீட்டுக்குப் போனதும் தொடை, இருக்கை, கணுக்கால் ஆகிய இடங்களில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்காத சிவப்பு இருந்தால் அடுத்த அமர்வுக்கு முன் விரிப்பையோ உடையையோ மாற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை என்று 10 அல்லது 12 வாரங்களுக்குத் திட்டமிட்டு, தொடக்கத்திலேயே ஓர் இலக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆக வேண்டும் என்பது இலக்கு ஆகாது; தரையில் பிடிமானமின்றி 30 வினாடிகள் உட்கார வேண்டும் என்பது இலக்கு. அதே இடத்தில், அதே கோணத்தில், முதல் வாரமும் கடைசி வாரமும் எடுத்த காணொளியைத் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். மாற்றம் இல்லையென்றால் குதிரையை, முறையை, அல்லது பயிற்சியையே மாற்ற வேண்டும்; வழக்கமான பிசியோதெரபியை இதற்காக நிறுத்தக் கூடாது.

தனிச்சவாரியும் அதற்கு அப்பாலும்

சிலர் துணையாளர்களைப் படிப்படியாக விடுவித்துத் தாமே குதிரையைச் செலுத்தும் நிலையை அடைகிறார்கள். முதலில் ஒரு துணையாளர் ஓரடி விலகி நடக்கிறார், பிறகு மற்றவர், இறுதியில் நடத்துபவரின் கயிறு கழற்றப்படுகிறது. ஒவ்வொரு விலகலுக்கும் இடையே பல வாரங்கள் செல்லலாம். இடுப்பு மூட்டு இடம் கொடாததால் ஏறவே முடியாதவர்களுக்கு, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய குதிரை வண்டியை ஓட்டக் கற்பிக்கும் முறையை ஆர்.டி.ஏ. குழுக்கள் நடத்துகின்றன.

போட்டியை விரும்புவோருக்கு, 1996 அட்லாண்டா முதல் பாராலிம்பிக்கில் பாரா டிரெஸ்ஸாஜ் இடம்பெற்று வருகிறது. குறைபாட்டின் அளவுக்கேற்ப ஐந்து நிலைகள் உள்ளன. வளையம் தைத்த வாரும் பிற துணைக் கருவிகளும், முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருந்தால், அங்கும் அனுமதிக்கப்படுகின்றன. மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்கள் போட்டியிடும் முதல் நிலையில் ஓட்டமோ பாய்ச்சலோ கிடையாது. 20க்கு 40 மீட்டர் களத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை, நடுவர்கள் மதிப்பெண் இடுவது குதிரையின் நடைக்கும் அதன் மீது அமர்ந்தவர் அந்நடையைக் காக்கும் விதத்திற்குமே.